அப்பப்பாவின் போர்ப் பதக்கத்தைக் கேட்டுப் பெறுவது எப்படி? திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பதக்கங்கள் எல்லோருடைய வீட்டையும் தேடி வரவில்லை. படையில் தொடர்ந்து இருந்தவர்களுக்குப் படையே கொடுத்தது. விலகி வீடு திரும்பியவர்கள் தாமாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. குடும்பம், வேலை, வயிற்றுப்பாடு என்று அலைந்த பலர் அந்த விண்ணப்பத்தை எழுதவே இல்லை. இங்கிலாந்திலேயே அப்படிக் கேட்காமல் விட்டவர்கள் ஏராளம் என்றால், திருகோணமலையில் கேட்க வேண்டுமா?

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் குண்டு வீசித் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. பிரித்தானியர் இங்கிருந்த கடற்படைத் தளத்தை 1957 ஒக்டோபரில்தான் இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்தப் படைகளில் பெயர் பதிந்து பணியாற்றிய நம்மவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இங்கே இருக்கிறார்கள். கேட்கப்படாமல் கிடக்கும் பதக்கத்தை அவர்கள் இன்றும் கேட்கலாம். முதன்முறையாகக் கேட்கப்படும் பதக்கத்துக்குப் பிரித்தானிய அரசு பணம் வாங்குவதில்லை. “நான் எடுத்துத் தருகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால், அந்தப் பணம் அவருடைய பைக்குத்தான் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பதக்கம் தாளில் உள்ள பதிவுக்குத்தான் கிடைக்கும். குடும்பத்தில் சொல்லப்படும் கதை எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அதை வைத்து அலுவலகத்தில் இருப்பவர் எதுவும் செய்ய முடியாது. நம் குடும்பங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவதும் இந்த இடத்தில்தான். அவர் பணியாற்றியது உண்மை, கோப்பும் இங்கிலாந்தில் இருக்கும்; ஆனால் கோப்பில் உள்ள பெயரும் வீட்டில் உள்ள பெயரும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த இடைவெளியை அடைப்பது பற்றியதுதான்.

முதலில்: உங்கள் சிக்கல் எது?

மூன்று வகை உண்டு. ஒன்றை மற்றொன்றாக எண்ணி விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் வீணாகும்.

முதலாவது, பதக்கம் உரியதாக இருந்தும் ஒருபோதும் கேட்கப்படாதது. இதுதான் மிகச் சாதாரணமானது, மிக எளிதானதும் கூட.

இரண்டாவது, பதக்கம் வந்து, பிறகு தொலைந்தது. 1990 இடப்பெயர்விலோ 2004 ஆழிப்பேரலையிலோ வீட்டோடு போனவை இதில் அடங்கும். ஒருமுறை வழங்கப்பட்ட பதக்கத்துக்கு மாற்றுப் பதக்கம் கேட்டால் நிபந்தனைகள் கடுமையாகிவிடும். களவு போனது அல்லது அழிந்தது என்பதற்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, காப்புறுதி ஆவணம் போன்ற சான்று கேட்பார்கள். கட்டணமும் உண்டு. அந்தக் காலத்தில் செய்த முறைப்பாட்டின் துண்டு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், உரிமம் பெற்ற பதக்க விற்பனையாளரிடம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதுதான் நேர்மையான வழி.

மூன்றாவது, பதிவிலேயே பிழை. ஒரு கப்பலில் இருந்த மாதங்கள் விடுபட்டிருக்கும், அல்லது இருவருடைய சேவை கலந்திருக்கும். இதற்கு முதலில் பதிவைப் பெற வேண்டும், பிறகு திருத்தம் கேட்க வேண்டும், அதன் பிறகுதான் பதக்கம்.

எந்த வகை என்று தெரியவில்லையா? முதலாவது என்று கருதித் தொடங்குங்கள். பதக்கம் ஏற்கனவே வழங்கப்பட்டிருந்தால் பதிலில் சொல்வார்கள்.

எந்தப் படை?

“அவர் பிரிட்டிஷ் நேவியில் இருந்தார்” என்று வீட்டில் சொல்வார்கள். அதற்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன.

பிரித்தானிய அரச கடற்படை, தரைப்படை, விமானப்படை ஆகியவற்றில் பெயர் பதிந்தவர் என்றால், விண்ணப்பம் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்துக்குப் போகும். முப்படைகளுக்கும் அந்த ஒரே அலுவலகம்தான்; அது இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் இருக்கிறது. ராயல் ஆர்மி சர்விஸ் கோர் போன்ற பெயர்கள் தாளில் இருந்தால் அதுவும் பிரித்தானியத் தரைப்படைதான்.

இலங்கைத் தொண்டர் கடற்படை 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. போரின் நடுவில், 1943இல், அது பிரித்தானியக் கடற்படையோடு சேர்க்கப்பட்டு, இலங்கை அரச கடற்படைத் தொண்டர் ஒதுக்குப் படை என்ற பெயரைப் பெற்றது. ஆங்கிலச் சுருக்கம் சி.ஆர்.என்.வி.ஆர். இந்த எழுத்துகளைத் தாளில் கண்டால் இங்கிலாந்துக்கும் எழுதுங்கள், இலங்கைக் கடற்படைத் தலைமையகத்துக்கும் எழுதுங்கள். ஒன்றின் பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு மற்றதைத் தொடங்காதீர்கள்.

இலங்கைப் பாதுகாப்புப் படை, அதாவது சிலோன் டிபென்ஸ் போர்ஸ், வேறு. சிலோன் லைட் இன்பன்ட்ரி, சிலோன் கரிசன் ஆர்ட்டிலரி போன்றவை அதன் பிரிவுகள். 1949இல் இலங்கை இராணுவம் அமைந்தபோது அந்தப் படை கலைக்கப்பட்டது. இவர்களுக்காகத் தேடத் தொடங்க வேண்டிய இடம் இலங்கை இராணுவத் தலைமையகம். 1950 டிசம்பர் 9க்குப் பிறகு இலங்கை அரச கடற்படையில் சேர்ந்தவர்களின் பதிவும் பதக்கமும் இலங்கைக் கடற்படையின் பொறுப்பு.

நான்காவது நிலைமையைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. டொக்யார்டில், அதாவது கடற்படையின் கப்பல் பட்டறையில், கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் வேலை செய்த பொதுமக்கள் படையினராகக் கணக்கிடப்படவில்லை. எண்ணெய்க் குதங்களிலும் இறங்குதுறைகளிலும் குண்டுவீச்சுக்கு நடுவே அவர்கள் உழைத்தார்கள். இருந்தும் முழுநேரப் படைச் சேவைக்கான பதக்கம் அவர்களுக்கு இல்லை. உங்கள் வீட்டில் இருப்பது டொக்யார்ட் அனுமதி அட்டை மட்டும்தான் என்றால், வீணாக எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்த அட்டையை எறிந்துவிடாதீர்கள். ஊரின் வரலாற்றுக்கு அது பெரிய சான்று.

பெட்டியில் இருப்பதைப் படிப்பது

வீட்டில் உள்ள பழைய தாள்களையும் படங்களையும் ஒரு மேசையில் பரப்புங்கள். தேட வேண்டியது முதலில் சேவை எண். கடற்படையினருக்கு அது எழுத்தும் இலக்கங்களும் சேர்ந்தது. எழுத்தை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் எழுதினால் வேறொருவரின் கோப்பு வந்து சேரலாம். தரைப்படையினர் ‘ஏ.பி. 64’ என்ற சிறிய சம்பளப் புத்தகத்தை வைத்திருந்தார்கள். எண் அதில் இருக்கும். விடுவிப்புப் புத்தகம், நன்னடத்தைச் சான்று, ஓய்வூதியக் கடிதம், சம்பளப் பிடித்தத் துண்டு என்று எதுவாக இருந்தாலும் பின்பக்கத்தையும் பாருங்கள். எண்ணை அங்கே பென்சிலால் குறித்து வைக்கும் பழக்கம் அந்தக் காலத்து எழுதுவினைஞர்களுக்கு உண்டு.

கடற்படைச் சேவைச் சான்றிதழ் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அதில் கப்பல்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே சேர்ந்த திகதி, விலகிய திகதி, பதவி. பலர் இதை வாசித்துவிட்டு “அப்பப்பா ஹைபிளையர் என்ற கப்பலில் உலகம் சுற்றினார்” என்கிறார்கள். எச்.எம்.எஸ். ஹைபிளையர் என்பது திருகோணமலையின் கரைத்தளத்துக்கு வைத்த பெயர். அவர் பணியாற்றியது இங்கேதான். எச்.எம்.எஸ். பம்பாரா என்பது சீனன்குடாவின் கடற்படை விமானத்தளம். எச்.எம்.எஸ். லங்கா கொழும்பில் இருந்த தளம். மாறாக, கப்பல் நிரலில் ‘சிலோன்’ என்றிருந்தால் அது நாட்டின் பெயரென்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். அந்தப் பெயரில் 1943இல் சேவைக்கு வந்த ஒரு போர்க்கப்பல் இருந்தது. கரையா கடலா என்பதை வைத்தே சில பதக்கங்கள் கிடைப்பதும் கிடைக்காததும் தீர்மானமாகின்றன. ஆகவே இந்த வரிகளை நிதானமாகப் படியுங்கள்.

படங்களும் பேசும். மாலுமித் தொப்பியின் பட்டியில் கப்பல் பெயர் இல்லாமல் வெறும் எச்.எம்.எஸ். என்று மட்டும் இருந்தால் அது போர்க்காலப் படம். எதிரிக்குத் தெரியக் கூடாதென்று கப்பல் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். இடது கையில் தலைகீழ் முக்கோணம் போன்ற பட்டைகள் இருந்தால் எண்ணுங்கள். அவை நன்னடத்தைப் பட்டைகள். ஒன்று என்றால் மூன்று ஆண்டுச் சேவை, இரண்டு என்றால் எட்டு, மூன்று என்றால் பதின்மூன்று. அலுவலகம் படத்தை ஆதாரமாக ஏற்காது. ஆனால் எந்த ஆண்டுகளில் தேடுவது என்று உங்களுக்குச் சொல்லும்.

அவர் சேவையில் இருக்கும்போதே இறந்தவர் என்றால், பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறையைப் பராமரிப்பதும் அந்த ஆணையம்தான். அதன் பதிவுகளில் பெரும்பாலும் சேவை எண்ணும் இருக்கும். அங்கே பெயரில் பிழை கண்டால், ஆவணச் சான்றோடு திருத்தம் கேட்கலாம்.

“அவருக்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள்” என்று வீட்டில் சொன்னால், லண்டன் கெசட்டைத் தேடிப் பாருங்கள். வீரத்துக்கான விருதுகளும் அறிக்கைகளில் பெயர் குறிப்பிடப்படும் சிறப்பும் அந்த அரசிதழில் வெளியாகும். அதிகாரியாக இருந்தவர் என்றால், 1939 முதல் 1945 வரையான கடற்படை அதிகாரிகள் பட்டியல்களை ஸ்கொட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது.

பெயர் என்ற பெரும் சிக்கல்

நம் வழக்கத்தில் தந்தை பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ஆங்கிலேய எழுதுவினைஞருக்குக் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர். கந்தையா தம்பிராசா என்பவர் ஒரு கோப்பில் தம்பிராசா குடும்பத்துக் கந்தையாவாகவும், இன்னொன்றில் கந்தையா குடும்பத்துத் தம்பிராசாவாகவும் இருக்கலாம். எழுத்துக்கூட்டல் இன்னும் மோசம். சின்னத்தம்பி என்ற பெயர் ஆங்கிலத்தில் சி எழுத்திலும் தொடங்கும், எஸ் எழுத்திலும் தொடங்கும். அகர வரிசையில் இரண்டும் வெகு தூரத்தில் இருக்கும். ழகரம் வந்தால் சொல்லவே வேண்டாம். கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் முதலில் வரும். அதை மட்டும் எழுதிக்கொண்டு தமிழ்ப் பெயரை விட்டுவிட்டவர்களும் உண்டு.

ஆகவே விண்ணப்பத்துக்கு முன் ஒரு தாளில் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். தந்தை பெயர் முன்னும் பின்னுமாக, வெவ்வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல்களில், முதலெழுத்தோடும் முழுமையாகவும். இது சலிப்பூட்டும் வேலை. ஆனாலும் இதைச் செய்யாமல் அனுப்பினால் “அப்படி ஒருவரின் பதிவு கிடைக்கவில்லை” என்று வரும் பதிலை நம்பி, முழுக் குடும்பமும் தேடலைக் கைவிட்டுவிடும். இந்தத் தாளை விண்ணப்பத்தோடு இணைத்தே அனுப்புங்கள்.

பிறந்த திகதியிலும் கவனம் வேண்டும். வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்த இளைஞர்கள் அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். பிறப்புப் பதிவில் உள்ள திகதியையும், படையில் கொடுத்திருக்கக்கூடிய திகதியையும் இரண்டையும் எழுதுங்கள். பிறப்பு, திருமண, மரணச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பதிவு நடந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் பெறலாம். திகதி தெரியாவிட்டால் வீட்டில் சாதகக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் வருடமும் மாதமும் நாளும் அதில் இருக்கும். சோதிடரிடமோ பழைய பஞ்சாங்கத்திலோ ஆங்கிலத் திகதியைக் கண்டுபிடித்தால் பதிவேட்டில் தேடுவது எளிதாகும். பிறப்புப் பதிவே இல்லையென்று பதிவாளர் திணைக்களம் உறுதிசெய்தால், உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பள்ளிக்கூடச் சேர்வுப் பதிவேட்டையும் மறக்க வேண்டாம். போரிலும் இடப்பெயர்விலும் வீட்டுத் தாள்கள் அழிந்திருக்கும். நிறுவனங்களின் பதிவேடுகள் சில தப்பியிருக்கும்.

பெயர்கள் வேறுபட்டால் சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்றைத் தயாரியுங்கள். நீண்ட கதை தேவையில்லை. இவ்வளவு போதும்:

“திருகோணமலை மாவட்டம், இன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவில் வசிக்கும் நான் சத்தியமாகக் கூறுவதாவது: என் தந்தையின் பிறப்புப் பதிவில் உள்ள பெயர் இது. கடற்படைச் சான்றிதழில் உள்ள பெயர் இது. மரணப் பதிவில் உள்ள பெயர் இது. இம்மூன்று பெயர்களும் ஒரே நபரையே குறிக்கின்றன. இதற்கு ஆதாரமாக இன்னின்ன ஆவணங்களின் பிரதிகளை இணைத்துள்ளேன்.”

பெயர்களை எழுதும்போது அந்தந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, பிழையோடு, எழுதுங்கள். “திருத்தி எழுதுகிறேன்” என்று நீங்கள் கை வைத்தால் நான்காவது பெயர் ஒன்று பிறந்துவிடும். தமிழில் உள்ள சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை நீங்களே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தம் வழக்கப்படி இன்னொன்றை எழுதிவிடுவார்.

சேவைப் பதிவைக் கேட்பது

பதக்க அலுவலகம் பதக்கத்தை மட்டும் பார்க்கும். முழுச் சேவைப் பதிவின் பிரதி வேறு விண்ணப்பம். பிழை திருத்தம் தேவைப்படுபவர்களும், என்ன பதக்கம் உரியது என்று முன்கூட்டியே அறிய விரும்புபவர்களும் இதை முதலில் செய்ய வேண்டும்.

பழைய சேவைப் பதிவுகளைப் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு 2022 முதல் பகுதி பகுதியாக லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது. உங்களுடையவரின் பதிவு எங்கே இருக்கிறது என்பதை அமைச்சு, காப்பகம் இரண்டின் இணையத்தளங்களிலும் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பகத்தில் ஒரு விதி இருக்கிறது: பிறந்து 115 ஆண்டுகள் ஆகாதவரின் கோப்பு பொதுவாக மூடப்பட்டிருக்கும். 1920இல் பிறந்தவரின் கோப்பு 2035 வரை தானாகத் திறக்காது. இறந்துவிட்டார் என்பதற்குச் சான்று கொடுத்தால் அதற்கு முன்பே பார்க்கலாம். ஆகவே மரணச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் இல்லாமல் இந்தப் படியைத் தொடங்க வேண்டாம்.

அவர் உயிரோடு இருந்தால் எல்லாமே எளிது. தம் பதிவைத் தாமே கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கையெழுத்து நடுங்கினாலும் அவருடையதே போடட்டும்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

1939–1945 போர்ப் பதக்கம்: 1939 செப்டெம்பர் 3 முதல் 1945 செப்டெம்பர் 2 வரை படையில் 28 நாள் முழுநேரச் சேவை இருந்தால் போதும். கரையில் இருந்தாரா கடலில் இருந்தாரா என்பது இதற்குப் பொருட்டல்ல. வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு அந்த 28 நாளும் கடலில் கழிந்திருக்க வேண்டும். ஹைபிளையரில் மட்டும் பணியாற்றிய ஒருவருக்குக்கூட இது உரியது. திருகோணமலைக் குடும்பங்கள் அதிக நம்பிக்கையோடு கேட்கக்கூடியது இதுதான்.

1939–1945 நட்சத்திரம் என்ற பதக்கம் வேறு. கடற்படையினர் போர் நடவடிக்கைப் பகுதிகளில் கடலில் 180 நாள் இருந்திருக்க வேண்டும். பர்மா நட்சத்திரத்தைப் பற்றி இங்கே பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. 1941 டிசம்பர் 11க்குப் பின் நடந்த பர்மாப் போர்க்களத்துக்கும் வங்காள விரிகுடாவில் கடலில் ஆற்றிய சேவைக்கும் உரியது அது. திருகோணமலைக் கரையில் இருந்ததற்கு அது கிடைக்காது. குண்டுவீச்சின்போது இங்கே இருந்தார் என்பதற்குத் தனிப் பதக்கமும் இல்லை. வட ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர் என்றால் 1940 ஜூன் 10க்கும் 1943 மே 12க்கும் இடையில் அங்கே கால் வைத்தாரா என்று பாருங்கள்; ஆபிரிக்க நட்சத்திரம் அந்தக் காலத்துக்கு உரியது.

பாதுகாப்புப் பதக்கம் என்று ஒன்று உண்டு. சொந்த நாட்டில் இருந்தாரா வெளியே இருந்தாரா, இருந்த இடம் வான் தாக்குதலுக்கு உள்ளானதா என்பதைப் பொறுத்து அதன் நாள் கணக்கு மாறும். இதை நீங்கள் தீர்மானிக்க முயல வேண்டாம். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை எங்கே இருந்தார் என்று எழுதிவிட்டு, கணக்கை அவர்களிடம் விடுங்கள்.

விண்ணப்பத்தில் “உரிய எல்லாப் பதக்கங்களையும் மதிப்பிட்டு வழங்குமாறு கேட்கிறேன்” என்று எழுதுவதே நல்லது. குறிப்பிட்ட ஒன்றை அடம்பிடித்துக் கேட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் வரும்.

யார் கையெழுத்துப் போடுவது?

இறந்தவரின் பதக்கத்தை யாரும் கேட்டுவிட முடியாது. சட்டப்படி மிக நெருங்கிய உறவினருக்கே அது உரியது: முதலில் வாழ்க்கைத் துணை, அடுத்து மூத்த பிள்ளை, அந்த வரிசையிலேயே பேரப்பிள்ளைகள். இங்கே நம் குடும்பங்களில் ஓர் உரசல் வரும். தந்தையைக் கடைசிவரை பார்த்தது திருகோணமலையில் உள்ள இளைய மகளாக இருப்பார். மூத்த மகன் டொரொன்டோவில் இருப்பார். நியாயம் இளைய மகளின் பக்கம் இருப்பதாகவே எனக்குத் தோன்றும். ஆனால் அலுவலகம் நியாயத்தை அளக்காது, வரிசையைப் பார்க்கும். தொலைபேசியில் பேசி முடிவெடுங்கள். மூத்தவர் விண்ணப்பிக்கட்டும், வந்த பதக்கம் எந்த வீட்டில் இருப்பது என்பதை முன்பே பேசி வையுங்கள். அல்லது மூத்தவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்து எழுத்தில் சம்மதம் தரட்டும். முன்னுரிமை உள்ள மற்றவர்கள் இறந்திருந்தால் அவர்களின் மரணச் சான்றிதழ்களும் வேண்டும்.

மூத்தவர் பிரித்தானியாவில் இருந்தால் அவரே விண்ணப்பிப்பது எல்லோருக்கும் வசதி. தபால் தாமதமும் சுங்கக் கேள்விகளும் மிச்சம்.

அனுப்புவது

விண்ணப்பப் படிவம் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் இருக்கிறது. அதோடு ஒரு பக்கத்துக்குள் ஆங்கிலக் கடிதம் ஒன்று வையுங்கள். முதல் வரியில் சேவை எண், பெயர், படை. இரண்டாவது பத்தியில் பணியாற்றிய இடங்களும் திகதிகளும். மூன்றாவதில் விண்ணப்பதாரரின் உறவு. நான்காவதில் இணைப்புகளின் பட்டியல். அவருடைய வீரத்தையும் குடும்பத்தின் துயரத்தையும் எழுத மனம் துடிக்கும். அதை எழுதி உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், இந்த உறையில் வைக்க வேண்டாம்.

மூல ஆவணங்களை ஒருபோதும் அனுப்பாதீர்கள். பிரதிகளை மட்டும், அதுவும் உறுதிப்படுத்திய பிரதிகளை அனுப்புங்கள். தபாலில் போவதென்றால் பதிவுத் தபாலில். துண்டைப் பத்திரமாக வையுங்கள். உறையில் போன ஒவ்வொரு தாளையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, குடும்பத்தில் இருவருக்காவது அனுப்பி வையுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். வாரம் ஒருமுறை நினைவூட்டல் எழுதினால் வேகம் கூடாது. ஒரே நபருக்கு இரண்டு விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தால்தான் குழப்பம்.

“இல்லை” என்று பதில் வந்தால்

கடிதத்தை நன்றாகப் படியுங்கள். “பதிவு கிடைக்கவில்லை” என்பதும் “தகுதி இல்லை” என்பதும் ஒன்றல்ல. முதலாவதற்குப் பெயரின் வேறு வடிவங்கள், வேறு பிறந்த திகதி, வேறு படைப்பிரிவு ஆகியவற்றோடு மீண்டும் எழுதலாம். இரண்டாவதற்கு, எந்த நிபந்தனை எந்தத் திகதிகளால் நிறைவேறவில்லை என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதிவில் அந்தத் திகதிகள் தவறு என்று உங்களிடம் சான்றிதழ் இருந்தால், அதன் பிரதியோடு பதிவைத் திருத்துமாறு கேளுங்கள். அந்தக் காலத்தில் படையே கொடுத்த தாள்தான் இங்கே ஆதாரம். ஊர்ப் பெரியவர் ஒருவரின் கடிதமோ, கூடப் பணியாற்றியவரின் பிள்ளை எழுதிய கடிதமோ துணையாக நிற்கும், தனியாக நிற்காது. புதிய ஆதாரம் இல்லாமல் அதே கடிதத்தை மறுபடி அனுப்பினால் அதே பதில்தான் வரும்.

அவருடைய விதவை உயிரோடு இருந்து வறுமையில் இருந்தால், பதக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் இன்னொன்றைச் செய்யுங்கள். பிரித்தானிய முடியின் கீழ் பணியாற்றிய பொதுநலவாய நாடுகளின் முன்னாள் படையினருக்கும் அவர்களின் விதவைகளுக்கும் ராயல் கொமன்வெல்த் எக்ஸ்-சர்விசஸ் லீக் என்ற அமைப்பு உதவுகிறது. கொழும்பில் உள்ள முன்னாள் படைவீரர் சங்கத்தின் மூலம் விசாரியுங்கள். இதற்காகத் திரட்டிய அதே ஆவணங்கள் அங்கேயும் பயன்படும்.

வந்து சேர்ந்த பிறகு

நட்சத்திரங்கள் மஞ்சள் நிறச் செப்புக் கலவை. போர்ப் பதக்கமும் பாதுகாப்புப் பதக்கமும் வெண்மையான செப்பு நிக்கல் கலவை. தங்கமோ வெள்ளியோ அல்ல. புளி போட்டு விளக்க வேண்டாம், கடைப் பசையும் வேண்டாம். மென்மையான துணி போதும். குடும்பத்தவர் நினைவு நிகழ்வுகளில் அணிவதானால் வலது மார்பில் அணிவது மரபு. இடது மார்பு சேவை செய்தவருக்கு மட்டுமே உரியது.

பிரித்தானியப் படையினருக்கு வழங்கப்பட்ட இந்தப் போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. அதாவது பதக்கத்தை மட்டும் வைத்திருந்தால் அது யாருடையது என்று பேரன் பேத்திகளால் நிறுவ முடியாது. கூடவே வரும் கடிதத்தில்தான் அவருடைய பெயரும் சேவை எண்ணும் இருக்கும். அந்தக் கடிதத்தைப் பதக்கத்தோடு ஒரே உறையில் வைக்காமல் தனியாக வையுங்கள். அதன் பிரதி ஒன்றை ஒவ்வொரு சகோதரருக்கும் கொடுங்கள். அவருடைய படத்தின் பின்புறத்தில் பெயர், சேவை எண், கப்பல்கள், திகதிகள் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பென்சிலால் எழுதி வையுங்கள்.